ஓதம் ஏறும் கோட்டை

ஜெய்சல்மேரை நினைத்தால் எனக்கு மணல் ஞாபகம் வருவதில்லை, ஈரம்தான் வருகிறது. போய்வந்தவர்களிடம் சொன்னால் விநோதமாகப் பார்க்கிறார்கள். ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையைக் கூட்டினாலும் சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவில்தான் நிற்கும் ஊர் அது. ஆனாலும் கோட்டைக்குள் சமணக் கோயில்களைத் தாண்டிப் போகிற ஒரு சந்தில் நான் பார்த்தது மனதைவிட்டு இறங்க மறுக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வீட்டு மாடியிலிருந்து சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று சுவரோடு ஒட்டி இறங்குகிறது. வளைவு மூட்டில் கசிவு. சொட்டுகிற அளவுக்குக்கூட இல்லை, வெறும் கசகசப்பு. அதற்குக் கீழே தேன் நிறக் கல் கறுத்து, கறுப்பின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஆட்காட்டி விரலை வைத்து லேசாகத் தேய்த்தேன். பொருக்கு கழன்று மஞ்சள் பொடியாகக் கையோடு வந்தது. அரையடிக்கு மேலே, ஈரம் எட்டாத இடத்தில், அதே சுவரில் யாரோ எந்தக் காலத்திலோ செதுக்கிய பூவின் இதழ் விளிம்பு நகத்தைக் கீறும் கூர்மையோடு இருந்தது. ஓதம் காத்த சுவரைப் பார்க்காதவர்களா நாம்? ஐப்பசி அடைமழையில் காரை உதிராத வீடு நம் பக்கம் எத்தனை இருக்கும்? சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டுப் பொங்கலுக்குத் தயாராகிவிடுவோம். நம் பக்கம் மழை ஒரு காரணமாக இருந்தது. இங்கே வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது, சுவர் மட்டும் நனைந்திருந்தது. அந்த ஈரம் வானத்திலிருந்து வந்ததல்ல, யாரோ குளித்த தண்ணீர். என்னைப் போல ஒருவர் குளித்த தண்ணீர்.

1156இல் ராவல் ஜெய்சல் என்ற ராஜபுத்திர அரசர் லோதுர்வாவிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினார் என்கிறார்கள். இடம் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருந்தது. எந்தத் திசையில் ஒட்டகப் புழுதி எழுந்தாலும் தெரியும். வருகிறவன் தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் முற்றுகை போடுவான் என்பதையும் பாலைவனமே பார்த்துக்கொள்ளும். திரிகூட மலை என்று பெயர். மலை என்பது மரியாதைக்குச் சொல்வது, சுமார் 75 மீட்டர் உயரமுள்ள மேடு. அதைச் சுற்றி அடுக்கடுக்காக மதில், 99 கொத்தளங்கள். மதிலின் விளிம்புகளில் உருண்டைக் கற்களை இன்றும் வரிசையாக வைத்திருக்கிறார்கள், ஏறிவருகிறவன் தலையில் உருட்டிவிட. பல இடங்களில் சாந்தே இல்லை. கல்லைக் கல்லோடு பொருத்தி, எடையை நம்பி நிறுத்தியிருக்கிறார்கள். சாந்து குழைக்கத் தண்ணீர் வேண்டுமே. வெளியிலிருந்து வரக்கூடிய எல்லாவற்றுக்கும் இந்த மதிலில் பதில் இருக்கிறது. உள்ளே ஒருவர் குழாயைத் திறந்துவிட்டு வேறு வேலையாகப் போவார் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. அந்த மேடு முழுக்க இளகலான படிவுப் பாறை, நடுநடுவே களிமண் அடுக்குகள். காய்ந்திருக்கும்வரை அது எத்தனை கோபுரத்தையும் தாங்கும். நனைந்தால் பிஸ்கட்டுக்குத் தேநீரில் நேர்வதுதான். கல்லின் வயது வேறு கதை: ஜூராசிக் காலக் கடலுக்கடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அந்த மாவட்டம் முழுக்கக் கிடக்கிறது, உடைத்தால் சிப்பியின் தடம் தெரியும். பக்கத்தில் ஆகல் என்ற இடத்தில் 18 கோடி ஆண்டு வயதுள்ள மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. தண்ணீரில் பிறந்த கல்தான் என்று வழிகாட்டிகள் இதைச் சிலேடையாகச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். எனக்கு அதில் ரசனை ஓடவில்லை. கீழே நின்று பார்க்கும்போது கொத்தளங்களின் அடிவயிறு ஆங்காங்கே உப்பியிருப்பது தெரிகிறது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1990களின் கடைசியில் வெளிமதிலில் ஒரு பகுதி சரிந்து உயிர்கள் போயிருக்கின்றன. பீரங்கி எதுவும் வெடிக்கவில்லை.

முன்பு எப்படி இருந்தது என்பதை அங்கே வயதானவர்கள் சொல்லும்போது ஒரு கண்டிப்பான அத்தையைப் பற்றிப் பேசுகிற பாசம் குரலில் வந்துவிடுகிறது. கீழே கடீசர் ஏரியிலிருந்து குடம் குடமாகப் பெண்கள் தலையில் சுமந்து நான்கு வாசல் கடந்து மேலே ஏற்றுவார்கள். அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல்: நுழைவாயில் ஒவ்வொன்றும் எதிரியின் யானை வேகமெடுக்க முடியாதபடி வளைத்துக் கட்டியது. தலையில் இரண்டு குடத்தோடு ஏறுகிறவளுக்கும் அந்த வளைவு அதே வளைவுதான். அப்படி வந்த தண்ணீரை யார் சிந்துவார்கள்? பாத்திரத்துக்கு மணல். குளியல் கட்டில்மேல் உட்கார்ந்து. கயிற்றின் இடுக்கில் ஒழுகுவது கீழே பாத்திரத்தில் சேரும், அது ஆட்டுக்கோ கழுவலுக்கோ போகும். இத்தனைக்கும் பிறகு மிஞ்சுகிற கொஞ்சத்தைக் கோட்டையிலிருந்து நான்கு பக்கமும் சரித்து வெளியேற்ற ‘குட் நாலி’ என்ற மோரி அமைப்பு இருந்தது. கூரைகூட அந்தக் கணக்குத்தான்: மர உத்திரம், மேலே நாணல், அதற்கு மேலே கனமாக மண். எப்போதாவது பெய்கிற மழையை மண் குடித்துக்கொள்ளும், வெயில் மறுநாளே அதை வாங்கிக்கொள்ளும். ஒழுகினால் இன்னொரு அடுக்கு மண் போடுவார்கள். தலைமுறைக்குத் தலைமுறை கூரை கனத்துக்கொண்டே வந்தது. பிறகு குழாய் வந்தது. 1968இல் ஜோத்பூரிலிருந்து ரயில் வந்தது. ரயிலைத் தொடர்ந்து நாங்கள் வந்தோம். எங்களுக்காக மேற்கத்தியக் கழிப்பறைகள் வந்தன, ஷவர் வந்தது, துவைத்த படுக்கை விரிப்புகள் வந்தன. மோரிகள் குடத்துத் தண்ணீருக்காகக் கட்டப்பட்டவை. மோரிக்கு மேலே பாதை போட்டார்கள், திண்ணை இழுத்தார்கள், புதுச் சாக்கடைக் குழாய் பதித்தார்கள், அதுவும் ஒழுகியது. விடியற்காலையில் அந்தச் சந்துகளில் நடந்தால் சுவருக்குள்ளிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. பாலைவனத்தில் அது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அதுதான் சங்கடம்.

நான் கோட்டைக்குள் தங்கவில்லை. தங்காதீர்கள், பாரத்தைக் கூட்டாதீர்கள் என்று பயணக் கையேடுகள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. ஆகவே கீழே, ரயிலடிப் பக்கம் ஓர் ஓட்டலில் அறை எடுத்தேன். எடுத்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. முதல் மாலை மொட்டை மாடியில் நின்று கோட்டை விளக்கொளியில் மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் காலடியில் நீலமாக ஒரு நீச்சல் குளம் தளும்பிக்கொண்டிருந்தது. அதே மஞ்சள் கல்லில் கட்டிய ஓட்டல், அதே வளைவுச் சாளரங்கள். குளத்தில் யாரும் இல்லை. அந்த ஊருக்கு இன்று வாய்த்திருக்கிற தண்ணீரில் பெரும்பகுதி, பஞ்சாபில் சட்லஜும் பியாஸும் கூடுகிற ஹரிகேயில் திருப்பிவிடப்பட்டு, ஏறக்குறைய 650 கிலோமீட்டர் இந்திரா காந்தி கால்வாயில் நடந்து வருவது. இமயத்துப் பனி. அது இத்தனை தூரம் வந்து, யாரும் இறங்காத குளத்தில் நின்று, ஆவியாகிக்கொண்டிருந்தது. கோட்டைக்கு அதனால் ஒரு கேடும் இல்லை என்பது உண்மை. நான் செய்யாத பாவத்தை நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது செய்த பாவம் பக்கத்திலேயே நின்றது என்று எழுதலாம். ஆனால் இந்தப் பாவபுண்ணியக் கணக்கே எனக்கு மெல்ல மெல்லச் சலித்துப்போனது. சுற்றுலாப் பயணியின் குற்றவுணர்ச்சியைப் போல மலிவான சரக்கு வேறு இல்லை. அதைச் சுமந்துகொண்டு நடப்பவன் எதையும் சரியாகப் பார்ப்பதும் இல்லை. என்னை உறுத்துவது அதுவல்ல, இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கிற ஒன்று: அந்த மனிதர்கள் பழையபடி தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்க வேண்டும் என்று நான் உள்ளூர ஆசைப்படுகிறேன்.

அனுபம் மிஸ்ரா ராஜஸ்தானின் நீர் மரபைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பூமிக்கடியில் ஜிப்சம் அடுக்கு ஓடுகிற இடம் பார்த்து, ஆள் குனிந்து உட்கார மட்டுமே இடம் உள்ள குறுகிய கிணறு தோண்டி, மணலில் தங்கிய ஈரத்தைச் சொட்டுச் சொட்டாக வடித்தெடுத்தவர்களைப் பற்றி அவர் சொல்வதைப் படித்தால் கைகூப்பத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தக் கும்பிடுக்கு நடுவே நரம்புச் சிலந்தி குறுக்கே வந்துவிடுகிறது. நம் தாத்தா காலத்தில் நம் ஊர்ப் படிக்கிணறுகளிலும் இருந்த நோய்தான். குளத்துத் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சியோடு அந்தப் புழுவின் குஞ்சு வயிற்றுக்குள் போகும். ஓராண்டு கழித்து, இரண்டு மூன்றடி நீளத்துக்கு வளர்ந்த புழு, பெரும்பாலும் காலில் கொப்புளம் கிளப்பித் தலைநீட்டும். பிடுங்க முடியாது, அறுந்தால் உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி, தினம் ஓரிரு விரற்கடை வீதம் வாரக்கணக்கில் இழுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் அந்தக் காலைத் தண்ணீரில் வைப்பார்கள். வைத்த நிமிடம் புழு தன் குஞ்சுகளை அந்தத் தண்ணீரில் விடும். அடுத்த ஆண்டுக்கான நோய் அதே குளத்தில், அதே படியில் தயார். இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் ஜோத்பூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2000இல்தான் நாடு இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்று தந்தது. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. போக்கியது வடிகட்டும் துணியும் மூடிய கிணறும் கைபம்பும் குழாயும்தான். கடீசர் கரையில் நின்று, தோரணவாசல் நிழல் தண்ணீரில் விழுவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது இதை நினைத்தேன். குடம் சுமந்த பெண்ணின் ஓவியம் கீழே கடைகளில் விற்கிறது. அவள் கழுத்தெலும்பு தேய்ந்ததை யாரும் வரைவதில்லை. அவள் பேத்தி குழாயைத் திறந்து கூந்தலை நன்றாக அலசிக் குளிக்கிறாள் என்றால், அந்தத் தண்ணீர் திரிகூட மலைக்குள் இறங்குகிறது என்பதற்காக நான் முகம் சுளிக்க எனக்கென்ன வாய் இருக்கிறது?

கோட்டைக்குள் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் ஒருவரோடு அவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்னோர் அரண்மனையில் ஊழியம் செய்தவர்கள். அதற்காக மன்னர் மகாராவல் கொடுத்த மனை என்றார். கோட்டைக்குள் பல வீடுகளின் கதை அதுதான். கீழே தாழ்வாரத்தில் அவருடைய பாட்டி பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கசிவைப் பற்றி நானாகத் தொடங்கவில்லை. அவரே தொடங்கினார், வருகிறவர்களெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள்போல. “எங்க பாத்ரூம் சுவரைப் பார்க்கணுமா, பாயி சாப்? நேத்து ஒரு ஃபிரெஞ்சுக்காரம்மா போட்டோ எடுத்துட்டுப் போனாங்க” என்றார் சிரித்தபடி. பிறகு சிரிப்பு போனது. சுவரில் ஒரு கல் விரிசல் விட்டிருக்கிறது, மாற்ற வேண்டும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கு 2010இல் வந்த திருத்தம்: சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. பழுதுபார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். “எங்க வீடு சின்னத்துக்குப் பக்கத்துல இல்ல. எங்க வீடே சின்னம். அனுமதி வர்றதுக்குள்ள மழை வந்துடுது. நாங்களே ராத்திரியில சிமென்ட் பூசிடறோம்.” சிமென்ட் பூசினால் கல்லுக்குள் இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் இன்னும் வேகமாக உளுத்துப்போகும் என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினார். “கீழே மாத்திக் குடுக்கறோம், போயிடுங்கன்னு சொல்லிப் பார்த்தாங்க. நாங்க கீழே போயிட்டா நீங்க எதைப் பார்க்க மேலே வருவீங்க?” அதற்குள் கீழேயிருந்து பாட்டி ஏதோ அதட்டினார்கள். எழுந்துபோய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். தொட்டி நிறைந்து வழிந்திருக்கிறது.

அவர் கேட்டதில் ஒரு வியாபாரியின் சாமர்த்தியம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அது உண்மையான கேள்வி. 2013இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ராஜஸ்தானத்து மலைக்கோட்டைகள் ஆறைச் சேர்த்தது: சித்தோர்கட், கும்பல்கட், ரண்தம்போர், காக்ரோன், ஆமேர், ஜெய்சல்மேர். மற்றவை எல்லாவற்றையும் நான் பார்த்ததில்லை. ஆமேரில் நல்ல பராமரிப்பு, சுத்தம், பலகைகள். பார்வை நேரம் முடிந்ததும் பூட்டு. ஜெய்சல்மேரில் ஐந்து மணிக்கு மேல்தான் பள்ளிப் பையன்கள் தசரா சவுக்கத்தில் பந்து உதைக்கிறார்கள், பசு ஒன்று நடுவில் படுத்திருக்கிறது, ஒரு வீட்டில் கடுகு தாளிக்கிற வாசனை வருகிறது. சில ஆயிரம் பேர் இன்னும் உள்ளே குடியிருப்பதால்தான் அந்தக் கோட்டையை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர்கள் குடியிருப்பதால்தான் அது நனைகிறது. இதில் எந்தப் பாதியை நான் விரும்புவது? கில்ஜி முற்றுகைக்குப் பிறகு சில ஆண்டுகள் கோட்டை ஆளரவமின்றிக் கிடந்தது என்று சொல்கிறார்கள். அந்த ஆண்டுகளில் அதன் அஸ்திவாரம் நன்றாக உலர்ந்து கிடந்திருக்கும். 1996இல் உலகில் அழியும் நிலையிலுள்ள 100 சின்னங்கள் என்று ஒரு பட்டியல் வந்தபோது ஜெய்சல்மேர் அதில் இருந்தது. அப்போது முதல் அதைக் காப்பாற்றப் பலர் வந்திருக்கிறார்கள், சிலர் மனப்பூர்வமாக உழைத்திருக்கிறார்கள், ராணி மஹால் அப்படித்தான் சரிவிலிருந்து எழுந்தது. பட்டியலில் வந்த செய்தி பரவியதும் பார்க்க வந்தவர்கள் கூடினார்கள். போவதற்குள் பார்த்துவிட வேண்டுமே. சத்யஜித் ராயின் ‘சோனார் கேல்லா’ 1974இல் வெளிவந்தது முதல் வங்காளிகள் யாத்திரைபோல வந்துகொண்டே இருக்கிறார்கள். பூர்வஜென்மம் ஞாபகம் இருப்பதாகச் சொல்லும் சிறுவன் முகுல் தேடிவருகிற தங்கக் கோட்டை இதுதான். கடைக்காரர்கள் ராயின் படத்தை மாட்டி வைத்திருக்கிறார்கள், நன்றாக வங்காளம் பேசுகிறார்கள். முகுலின் வீடு என்று உள்ளே ஓர் இடிந்த வீட்டைக் காட்டுகிறார்கள். கோட்டைக்குள் மற்ற வீடுகளெல்லாம் இடியக் கூடாது, அந்த ஒரு வீடு மட்டும் இடிந்தே இருக்க வேண்டும். அதன் தொழில் அது. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். கூரை இல்லாததால் அந்த வீட்டுக் கற்கள் காய்ந்து, கெட்டியாக, நன்றாகவே இருந்தன.

உலர்ச்சிமேல் எனக்கு ஒரு சுயநலமும் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். கோட்டைக்குள் சம்பவநாதர் சமணக் கோயிலுக்கடியில் நிலவறைபோல ஞான பண்டாரம் என்ற ஒரு சுவடி நூலகம் உண்டு, 15ஆம் நூற்றாண்டில் ஜினபத்ர சூரி என்ற சமணத் துறவி நிலைப்படுத்தியது. படையெடுப்புகளுக்குத் தப்பக் குஜராத்திலிருந்து சுவடிகள் இங்கே கொண்டுவரப்பட்டன என்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சில ஏடுகளை மட்டும் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஏடுகளைப் போல எழுத்தாணியால் கீறியதல்ல. நீண்ட ஓலையில் கறுப்பு மையால், தூரிகைக்காரனின் நிதானத்தோடு எழுதியது. 1060ஆம் ஆண்டு எழுதப்பட்ட சுவடிகூட இந்தப் பண்டாரத்தில் உண்டு. நம் பக்கம் அந்த வயதில் ஓர் ஓலை கிடைக்குமா? கறையானும் ஈரமும் விடாது. இருநூறு முன்னூறு ஆண்டுக்கொருமுறை பெயர்த்தெழுதித்தான் சங்கப் பாட்டே பிழைத்தது. இத்தனைக்கும் அந்த மேற்கிந்தியச் சுவடிகள் பலவற்றின் ஓலை தாளிப்பனையினுடையது, அது தெற்கே மழை அடித்துப் பெய்கிற கரையோரத்து மரம். ஈரத்தில் வளர்ந்த இலை வறட்சியில் வந்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டது. 1874 ஜனவரியில் கியோர்க் பியூலர் என்ற அறிஞர் இளைஞரான ஹெர்மன் யாக்கோபியைக் கூட்டிக்கொண்டு பாலைவனம் கடந்து இந்தப் பண்டாரத்துக்கு வந்தார். அவர்கள் கையில் கிடைத்த சுவடிகளில் ஒன்று பில்ஹணர் எழுதிய விக்கிரமாங்கதேவ சரிதம். இருவரும் உட்கார்ந்து கையாலேயே படியெடுத்தார்கள். மறு ஆண்டே அச்சில் வந்தது. காஷ்மீரத்துக் கவிஞர், கல்யாணிச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனைப் பற்றி எழுதிய 18 சருக்கக் காவியம். அதில்தான் சோழநாட்டுக் குழப்பம் வருகிறது: மாமனார் இறந்ததும் விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வந்து மைத்துனனை அரியணையில் ஏற்றிவிட்டுத் திரும்புகிறான், துங்கபத்திரைக் கரைக்குப் போனபின் மைத்துனன் கலகத்தில் இறந்ததும், வேங்கி நாட்டு ராஜிகன் சோழ அரியணையைப் பிடித்துக்கொண்டதும் செய்தியாக வருகின்றன. அந்த மைத்துனன் அதிராஜேந்திரன், ராஜிகன் முதலாம் குலோத்துங்கன். 1070இல் நம் வரலாற்றில் விழுந்த அந்தப் பெரிய முடிச்சைப் பற்றி நம் கல்வெட்டுகள் வாய் திறப்பதில்லை. எதிர்த்தரப்பின் துதிபாடகர் சொன்னதைத்தான் வரலாற்றாசிரியர்கள் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனை செங்கல் மேடாகிவிட்டது. அந்த அரண்மனையை உலுக்கிய கலகத்தின் வதந்தி தார்ப் பாலைவனத்தில், ஒரு கோயிலின் அடியில், ஈரம் படாமல் இருந்தது. அந்தப் பண்டாரத்திலிருந்து சில சந்துகள் தள்ளித்தான் நான் விரல் வைத்துத் தேய்த்த சுவர். ஓலைகளையெல்லாம் இப்போது படமெடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள் என்பதில் ஆறுதல்தான். ஆனால் என் ஆறுதல் எவ்வளவு வேகமாக வந்தது என்பதையும் கவனித்தேன். ஏடு தப்பித்துவிட்டது என்றதும் வீட்டுக்காரரின் குளியலறை எனக்கு அவ்வளவு பெரிய குற்றமாகப் படவில்லை.

பொறியாளர்களிடம் கேட்டால் இதெல்லாம் கவிஞர்களின் கவலை என்பார்கள். நல்ல குழாய், நல்ல மூட்டு, கசியாத சாக்கடை, பழைய மோரிகளைத் திறந்துவிடுதல், கூரையின் உபரி மண்ணை இறக்குதல், ஓட்டல் அறைகளுக்கு ஒரு வரம்பு. செய்ய முடியாத காரியம் எதுவும் அதில் இல்லை. செய்யத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் அங்கே பழக்கமில்லாத விருந்தாளி என்பதையும் பார்க்க வேண்டும். 2006 ஆகஸ்டில் பக்கத்து பார்மேர் மாவட்டத்தில் பாலைவனமே எதிர்பாராத மழை பெய்து கவாஸ் என்ற ஊர் மூழ்கியது. தண்ணீர் மாதக்கணக்கில் வடியவில்லை, மணலுக்கடியில் ஜிப்சம் அடுக்கு அதை இறங்கவிடவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சொட்டு ஈரத்தைத் தாங்கிப்பிடித்துக் காப்பாற்றியதும் இதே வகை அடுக்குதான். தண்ணீர் அதிகமானதும் அதுவே ஊரை மூழ்கடித்தது. கோட்டையில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான் என்று ஓரிடத்தில் முடித்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது, ஆனால் முடிக்க முடியவில்லை. கவாசில் யாருக்கும் அந்தத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. கோட்டையில் எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது. வேண்டும் என்று நினைப்பதற்கு அவர்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. சிக்கனம் ஓர் அறமாக இருந்ததா, வேறு வழியில்லாததால் வந்ததா என்பதை வழி வந்த பிறகுதான் சொல்ல முடியும். வழி வந்தது, தொட்டி வழிகிறது. நம் ஊரில் ஒரு காலத்தில் குளத்துக்குக் காவல் போட்டவர்கள் லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டிவிட்டுக் காரைக் கழுவவில்லையா? அந்தக் கோட்டைக்காரர்களிடம் மட்டும் ஏன் அறத்தை எதிர்பார்க்கிறோம்? அவர்கள் வீடு அழகாக இருக்கிறது என்பதாலா?

நண்பர் ஒருவர் குடும்பத்தோடு ஜெய்சல்மேர் போகிறார். நான் போய்வந்தவன் என்பதால் போன் செய்து, கோட்டைக்குள்ளேயே ரூம் போடலாமா, கீழேயா என்று கேட்டார். கீழே என்று உடனே சொல்லிவிட்டேன், காரணத்தையும் கொஞ்சம் நீட்டியே சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த கெஸ்ட் ஹவுஸ்காரர் ஞாபகம் வந்தது. ஆகவே மதியச் சாப்பாட்டை மட்டும் மேலே யார் வீட்டிலாவது சாப்பிடுங்கள், அவர்களுக்கும் நாலு காசு வரும் என்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போலிருக்கிறது. அவர் மனைவியின் குரல் பின்னாலிருந்து வந்தது: “அண்ணா, சாப்பிட்ட தட்டை அவங்க தண்ணியிலதானே கழுவணும்?” முன்பு மணலில் கழுவினார்கள் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கடைசியில் கீழேயே போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்காக நீச்சல் குளம் உள்ள இடமாகப் பார்த்து.